நாலு விரற்கடை

"கொஞ்சம் உங்க பக்கம் தாழ்த்துங்க அண்ணாச்சி, இங்க சுவத்துல இடிக்கி" என்று மேல்படியில் நின்ற பீர்முகம்மது சொன்னான். தாழ்த்தினால் பாரம் முழுவதும் தன் நெஞ்சில் வந்து உட்காரும் என்று தெரிந்தும் பெர்க்மான்ஸ் தாழ்த்தினார். இருவருக்கும் நடுவில், பேஸ் கிட்டாரின் சத்தத்தைப் பெருக்கும் அந்த ஆம்ப் பெட்டி, சந்தைக்குப் போக மனமில்லாத எருமையைப் போல ஒவ்வொரு படியிலும் நின்று யோசித்து ஏறியது. மண்டபத்தில் லிஃப்ட் இருந்தது, ஆனால் அதில் சாம்பார் போய்க்கொண்டிருந்தது. லிஃப்ட் சாப்பாட்டுக்கு மட்டும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். சொல்லிவிட்டு, அந்தப் பெட்டிக்குள் அப்படி என்னதான் இருக்கிறது என்றும் கேட்டார். பேஸ் என்றார் பெர்க்மான்ஸ். மேனேஜர் புரிந்ததுபோல் தலையசைத்து, மேடையில் பூ அலங்காரத்தை மறைக்காமல் வைக்கச் சொன்னார்.

தூத்துக்குடியிலும் சுற்று ஊர்களிலும் கல்யாண வரவேற்பு என்றால் நித்யகானம் மெலடீஸ் என்ற காலம் அது. குழுவுக்குச் சொந்தக்காரர் ஆதிமூலம். கீபோர்டை நின்றுகொண்டே வாசிப்பார், எல்லோருக்கும் மாஸ்டர். பாடுகிறவர் கோமதிநாயகம். பீர்முகம்மது ரிதம் பேடில் தட்டுவான். பெர்க்மான்ஸ் பகலில் கேஸ் ஏஜென்சியில் சிலிண்டருக்குப் பதிவு எழுதுவார், மாலையில் பேஸ் கிட்டார் வாசிப்பார். மேடையில் அவர் வாசிக்கிறார் என்பது, அவர் வாசிக்காமல் நின்றால் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு மட்டும் லேசாகத் தெரியும், அதுவும் ஏதோ மின்விசிறி நின்றுவிட்டதுபோல. வருகிறவர்கள் அவரிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: கிட்டாருக்கு ஆறு கம்பி இருக்க வேண்டுமே, மீதி இரண்டு எங்கே? ஆம்பின் மேல் ஜூஸ் டம்ளரை வைப்பார்கள், குழந்தையை உட்கார வைத்துப் படம் எடுப்பார்கள், ஒருமுறை ஒரு பெரியவர் தன் பல்செட்டைக் கழற்றி அதன்மேல் வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். அதன் வால்யூம் திருகு உடைந்து, மாதா கோயிலில் அதை ஏலத்தில் எடுத்த நாளிலிருந்தே ஒரே இடத்தில் இறுகிப்போயிருந்தது. குறட்டுடன் எத்தனையோ பேர் முயன்றும் அசையவில்லை.

அன்றைக்கு வேனில் வரும்போது மாஸ்டர், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, ஜன்னலிடமே சொல்கிறவர்போல ஒரு விஷயம் சொன்னார். பெட்டி ஒரு ஆள் உட்காரும் இடத்தை அடைத்துக்கொண்டு வருகிறது; அந்த இடத்தில் ஒரு லேடி சிங்கரை உட்கார வைக்கலாம்; பேஸைத் தன் கீபோர்டில் இடதுகையாலேயே வாசித்துவிடலாம்; பெண் வீட்டார் எல்லோரும் லேடி சிங்கர் எத்தனை பேர் என்றுதான் கேட்கிறார்களே தவிர பேஸ் உண்டா என்று இதுவரை ஒருவர் கேட்டதில்லை. சொன்னது அத்தனையும் உண்மைதான். இந்த ஆவணி முகூர்த்தங்கள் முடியட்டும் என்று மாஸ்டர் ஜன்னலிடம் சொல்லி முடித்தார்.

வரவேற்பு தொடங்கி இரண்டாவது பாட்டு நடந்துகொண்டிருந்தபோது பெண்ணின் சித்தப்பா மேடையோரம் வந்து, அந்தப் பெட்டியைக் கொஞ்சம் அணைத்துவிடலாமே, போனில் பேசுவது கேட்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். பெர்க்மான்ஸ் அவருக்குத் தலையசைத்துக்கொண்டே தடித்த கம்பியை, எங்கும் விரலால் அழுத்தாமல், வெறுமனே விட்டுத் தட்டினார். சித்தப்பா தரையிலிருந்து நாலு விரற்கடை எழும்பி நின்றார். அங்கே நின்றபடியே, போனில் பேசிக்கொண்டிருப்பது காரைக்குடியிலிருந்து வந்துகொண்டிருக்கும் தன் சம்பந்தி என்றும், அவருக்கு மண்டபத்துக்கு வழி சொல்ல வேண்டியிருக்கிறது என்றும் சொல்லி முடித்தார். மண்டபம் முழுவதும் எழும்பியிருந்தது. நின்றவர்கள் தரையிலிருந்தும், உட்கார்ந்திருந்தவர்கள் நாற்காலியிலிருந்தும், மணமக்கள் மேடைக் கம்பளத்திலிருந்தும் நாலு விரற்கடை மேலே நின்றார்கள். மொய்க் கவருடன் வரிசையில் நின்றவர்கள், கால் தரையில் பாவாததால், பின்னால் இருப்பவர் லேசாகத் தொட்டாலே முன்னால் வழுக்கிப் போனார்கள். அதுவரை ஊர்ந்துகொண்டிருந்த வரிசை அன்றுதான் நேரத்துக்கு முடிந்தது. போட்டோகிராபர் ஸ்டாண்டை ஏற்றிக்கொண்டார். பாட்டு முடிந்தபோது எல்லோரும் இறங்கினார்கள்; கழன்று விழுந்த செருப்பை ஒருவர் மாற்றி ஒருவர் போட்டுக்கொண்டதில் சிறிது சலசலப்பு இருந்தது. கரண்ட் போய் வந்தால் எவ்வளவு பேசுவார்களோ அவ்வளவு பேசிவிட்டுப் பந்திக்குப் போனார்கள்.

பெண்ணின் தாய்மாமன் மட்டும் எழும்பவில்லை. பத்திரிகையில் தன் பெயரைச் சித்தப்பாவின் பெயருக்குக் கீழே போட்டிருந்ததில் அவருக்கு வருத்தம். எல்லோரும் எழும்பியபோது அவர் ஒரு தூணை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு தரையிலேயே நின்றார். வழக்கமாக அவர் சாப்பிடாமல்தான் கோபத்தைக் காட்டுவார். இது வசதியாக இருந்தது, கோபத்தையும் காட்டலாம், சாப்பிடவும் செய்யலாம்.

அடுத்த கல்யாணத்திலும் அப்படியே நடந்தது, அதற்கடுத்த காதுகுத்திலும் நடந்தது. ஆவணி முடிவதற்குள் அதற்கு எழும்பல் என்று பெயர் நிலைத்துவிட்டது. உங்க வீட்டுக் கல்யாணத்துல பாயசமும் எழும்பலும் நல்லா இருந்துச்சு என்று பேருந்தில் பேசிக்கொண்டார்கள். தையல்காரர்கள் கல்யாணப் பெண்ணின் உள்பாவாடையை நாலு விரற்கடை நீட்டித் தைத்தார்கள், எழும்பும்போது பாதம் தெரியக்கூடாது என்று. பரிமாறுகிறவர்கள் வாளியுடன் எழும்பினால் நடக்க முடியாது என்பதால், பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் ஓடி ஓடிச் சாம்பார் ஊற்றப் பழகிக்கொண்டார்கள். தாலி கட்டும்போது கால் தரையில் இருக்க வேண்டும் என்று ஐயர்களும், ஒப்பந்தப் புத்தகத்தில் கையெழுத்துப் போடும்போது இருக்க வேண்டும் என்று ஆலிம்களும், மோதிரம் மாற்றும்போது இருக்க வேண்டும் என்று பங்குச்சாமியும் தனித்தனியே சொல்லிவிட்டதால், வரவேற்புக்கு மட்டும் என்று ஆயிற்று. மூட்டுவலிக்காரர்கள் அழைப்பு இல்லாமலே வரத் தொடங்கினார்கள். முழங்காலில் பாரம் இல்லாமல் நிற்பது எப்படி இருக்கும் என்பதை மறந்தே போயிருந்தவர்கள் அவர்கள். நல்ல சட்டை போட்டுக்கொண்டு கடைசி வரிசையில் நின்று, மூன்று நாலு பாட்டுக்கு எழும்பிவிட்டு, மொய்க்கு ஒரு கவரும் கொடுத்துவிட்டுப் போனார்கள். அதனால் யாரும் எதுவும் சொல்லவில்லை.

தூணைக் கட்டிக்கொள்வதும் முறையாயிற்று. வருத்தமுள்ள உறவினர் எழும்பக்கூடாது என்பதும், அவரைச் சமாதானம் செய்கிறவர் பக்கத்தில் மிதந்தபடியே கையை விடுங்க மாமா, நாளைக்குப் பேசிக்கலாம் என்று கெஞ்ச வேண்டும் என்பதும், அவர் கடைசிப் பாட்டுக்கு முந்தின பாட்டில் ஒரு கையை மட்டும் விட்டு ஒருச்சாய்ந்து எழும்பலாம் என்பதும் எல்லோருக்கும் தெரிந்த நடைமுறை. புதிதாகக் கட்டப்பட்ட மண்டபம் ஒன்றில் நடுவில் தூணே வைக்காமல் விட்டுவிட்டார்கள். அங்கே கல்யாணம் வைக்கத் தாய்மாமன்கள் சம்மதிக்கவில்லை.

எழும்பலுக்குக் காரணம் கோமதிநாயகத்தின் குரல் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. கோமதிநாயகத்துக்கும் இருக்கவில்லை. அவர் பாடும்போது கண்ணை மூடிக்கொண்டு கையை மேலே உயர்த்துவார். கைக்குப் பின்னாலேயே சபை எழும்பினால் வேறு என்ன நினைப்பது. எல்லாம் பெரியவங்க ஆசீர்வாதம் என்று சொல்லிப் பொன்னாடைகளை வாங்கிக்கொண்டார். மாஸ்டருக்கு மட்டும், தான் புதிதாக வாங்கிய கீபோர்டில் வயலின் சத்தம் கொஞ்சம் கூடுதலாக இருப்பதுதான் காரணமோ என்று உள்ளூர ஓர் எண்ணம் இருந்தது. அதை அவர் வெளியே சொல்லவில்லை, கோமதிநாயகத்தின் மனம் நோகும் என்று.

பெர்க்மான்ஸுக்கு விஷயம் தெரிந்தது ஒரு பிற்பகலில். மற்றவர்கள் காபி குடிக்கப் போயிருந்தபோது அவர் தனியாக ஒரு மண்டபத்தில் வயர்களைச் செருகிவிட்டு ஒரு கம்பியைத் தட்டிப் பார்த்தார். பெருக்கிக்கொண்டிருந்த மாரிக்கனி விளக்குமாறுடன் எழும்பினாள். சத்தம் ஓய்ந்ததும் இறங்கி, எட்டாமல் போன குப்பையை மறுபடி கூட்டினாள். அவர் இன்னொரு முறை தட்டினார், அவள் இன்னொரு முறை எழும்பினாள். "அண்ணாச்சி, பெருக்கி முடிச்சிருதேன், பொறவு வாசிங்க" என்றாள்.

அவர் அதைப் பீர்முகம்மதுவிடம் மட்டும் சொன்னார். பீர்முகம்மது, வெளியில் சொல்ல வேண்டாம் என்றான். சொன்னால் பெட்டியை வைத்துக்கொண்டு உங்களை அனுப்பிவிடுவார்கள். அதுவும் இல்லாமல் எப்படிச் சொல்வது? உங்களை எல்லாம் தூக்குவது நான்தான் என்று ஒரு மனிதன் இன்னொரு மனிதனிடம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்ல முடியும்? கேஸ் ஏஜென்சியில் உட்கார்ந்து பெர்க்மான்ஸ் அந்த வாக்கியத்தைப் பலவிதமாகச் சொல்லிப் பார்த்தார். எல்லாமே சிலிண்டர் தூக்குகிறவர் பேசுவதுபோலவே இருந்தன.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. வாசிக்கிறவர் எழும்புவதில்லை. மேடையில் கோமதிநாயகம் எழும்பினார், கீபோர்டோடு ஒட்டி நின்றபடி மாஸ்டர் எழும்பினார், பீர்முகம்மது ஸ்டூலிலிருந்து எழும்பித் தட்டினான். பெர்க்மான்ஸ் மட்டும் தரையில் நின்றார். எல்லாப் படங்களிலும் அவர் நாலு விரற்கடை குட்டையாக விழுந்தார். எழும்பாதவர் வருத்தமுள்ளவர் என்று ஊருக்குத் தெரிந்த பிறகு, தூணைக்கூடப் பிடிக்காமல் சும்மா நின்றபடியே எழும்பாமல் இருக்கும் ஆளுக்கு எவ்வளவு பெரிய வருத்தம் இருக்க வேண்டும்? முதலில் ஒரு மாப்பிள்ளையின் தகப்பனார் கேட்டார். பிறகு ஒரு பெண்ணின் அத்தை, மங்கல காரியத்தில் மேடையில் இப்படி மனக்குறையோடு ஓர் ஆளை நிறுத்துவது நன்றாகவா இருக்கிறது என்று மாஸ்டரையே கேட்டுவிட்டாள்.

வேனில் தான் சொன்னதற்குத்தான் இந்தக் கோபம் என்று மாஸ்டர் முடிவு செய்துவிட்டார். அவருக்கு அது வலித்தது. ஒருநாள் பெர்க்மான்ஸைத் தனியே கூட்டிப்போய்ச் சொன்னார்:

"வே, நான் வாய் தவறி ஒண்ணு சொல்லிட்டேன். அதுக்காக ஊரு பாக்க மேடையில இப்படி நிக்கணுமா? ஒரு பாட்டுக்காவது எழும்பிக் காட்டுமே."

"எனக்கு ஒரு வருத்தமும் இல்ல மாஸ்டர்."

"வருத்தம் இல்லாதவன் காலு ஏன்வே தரையில இருக்கு?"

அன்றைய வரவேற்பு முழுவதும் பெர்க்மான்ஸ் குதிகாலைத் தூக்கி நுனிக்காலில் நின்று வாசித்தார். ஐந்தாவது பாட்டில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு ஒரு சுரம் தவறியது, முன்வரிசையில் எல்லோரும் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தார்கள். ஏமாத்தப் பாக்காரு என்று மேடையிலிருந்து இறங்கும்போது ஒருவர் சொன்னது அவர் காதில் விழுந்தது. அந்த வாரமே மாஸ்டர் போனில் கூப்பிட்டு, இனி வர வேண்டாம் என்பதை, உடம்பைப் பார்த்துக்கொள்ளும் என்று சொல்லித் தெரிவித்தார்.

பெட்டி வீட்டு முன்னறையில் வந்து உட்கார்ந்தது. பெர்க்மான்ஸின் மனைவி செலின் அதன்மேல் துணி விரித்து அயர்ன் செய்தாள். மாலையில் அவருக்குச் செய்ய ஒன்றும் இருக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து இந்த மனிதரை ஆறு மணிக்குமேல் வீட்டில் பார்த்ததில்லை என்றும், பார்க்க ஒன்றும் மோசமில்லை என்றும் செலின் பக்கத்து வீட்டில் சொன்னாள். ஆனால் அவர் சாப்பிடும்போதும் வலதுகையின் இரண்டு விரல்கள் தட்டின் விளிம்பில் மாறி மாறி நடந்துகொண்டிருப்பதை அவள் கவனித்தாள். கவனித்துவிட்டு இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள்.

வேனில் பெட்டியின் இடத்தில் சுகந்தி என்ற புதுப் பாடகி உட்கார்ந்தாள். நன்றாகப் பாடினாள். ஆனால் யாரும் எழும்பவில்லை. முதல் கல்யாணத்தில் கோமதிநாயகம் கையை உயர்த்தினார், சபை அவரைப் பார்த்தது. மறுபடி உயர்த்தினார். கடைசி வரிசையில் மூட்டுவலிக்காரர்கள் மாற்றி மாற்றிக் கால்களை ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டு, கவர் கொடுக்காமல் போனார்கள். கோமதிநாயகத்துக்குத் தொண்டை கட்டிவிட்டது என்று ஊர் பேசிக்கொண்டது. வீடு தேடி வந்து கருப்பட்டியும் சுக்கும் கொடுத்தார்கள், ஒரு டாக்டர் அவர் வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்றார். கண்ணேறு கழித்தார்கள். மாஸ்டர் ரகசியமாக வயலின் சத்தத்தைக் கூட்டிப் பார்த்தார். தூணைக் கட்டிக்கொண்டிருந்த ஒரு தாய்மாமன், தன்னைத் தவிர மற்றவர்களும் தரையில்தான் இருக்கிறார்கள் என்று கொஞ்ச நேரம் கழித்துத் தெரிந்து, கையை எடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் அப்படியே நின்றார்.

மாரிக்கனிதான், நாற்காலிகளை அடுக்கிக்கொண்டே, அந்தப் பெட்டி வந்த அன்னைக்கெல்லாம் நல்லா இருந்துச்சு என்று பொதுவாகச் சொன்னாள். மாஸ்டர் அதைக் கேட்டார். மறுநாள் காலை அவர் பெர்க்மான்ஸ் வீட்டு முன்னறையில் உட்கார்ந்திருந்தார். உப்பளக்காரர் வீட்டுக் கல்யாணம் வருகிறது, எழும்பலுக்கென்றே பேசி வைத்திருக்கிறார்கள், மாப்பிள்ளை வீடு மதுரைப் பக்கம், அவர்கள் எழும்பிப் பார்த்ததே இல்லை; எழும்பாவிட்டால் குழுவை இனி யாரும் கூப்பிட மாட்டார்கள் என்று எல்லாவற்றையும் சொன்னார். காபியைக் குடித்தார்.

"பெட்டிய மட்டும் குடும்வே. கீபோர்ட அதுல சொருகிக்கிடுதேன்."

பெர்க்மான்ஸ் பெட்டியைப் பார்த்தார். அயர்ன் செய்த சட்டைகள் அதன்மேல் அடுக்கியிருந்தன. அவரைக் கேட்காமலே செலின் எழுந்து சட்டைகளை எடுத்தாள். "பெட்டிய மட்டும் எப்படித் தூக்கிட்டுப் போவிய மாஸ்டர்? அதுல எங்க தட்டுனா சத்தம் வரும்னு இவருக்குத்தான தெரியும். இவரையும் கூட்டிட்டுப் போங்க, கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டு ரொம்ப நாளாச்சு" என்றாள். அப்படித்தான் அவர் உப்பளக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் பெட்டி தூக்க ஆளாகப் போனார். பெட்டியை எடுத்தால் கிட்டாரையும் எடுத்துத் தோளில் மாட்டிக்கொள்வது கைப்பழக்கம், எடுத்து மாட்டிக்கொண்டார். எதற்கென்று மாஸ்டரும் கேட்கவில்லை. சுகந்தி பஸ்ஸில் வந்தாள்.

பெட்டியை மேடையில் வைத்து, கிட்டாரை உறையோடு அதன் பக்கத்தில் சாய்த்து, கீபோர்ட் வயரைச் செருகி, தட்ட வேண்டிய இடத்தில் தட்டிவிட்டுப் பெர்க்மான்ஸ் கீழே இறங்கி, சபைக்கு நடுவில் ஒரு நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றார். முதல் பாட்டில் மாஸ்டரின் இடதுகைச் சுண்டுவிரல் அடிச்சுரத்தை அழுத்தியதும் சபை எழும்பியது. பெர்க்மான்ஸும் எழும்பினார். இத்தனை நாளில் அவருக்கு அதுதான் முதல் தடவை. உள்ளங்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. பகல் முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்து இறுகிய இடுப்பு, யாரோ முடிச்சை அவிழ்த்ததுபோலத் தளர்ந்தது. பக்கத்தில் நின்ற பெண்ணின் பெரியப்பா அவரை அடையாளம் கண்டுகொண்டு, மனஸ்தாபம் தீந்துட்டு போல என்று மெல்லச் சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டார்.

அப்போது மாஸ்டர் விரலை எடுத்தார். கீபோர்டில் விரலை எடுத்தால் சுரம் அந்த இடத்திலேயே அறுந்துபோகும். சபை தொம்மென்று விழுந்தது. அடுத்த சுரத்துக்கு எழும்பியது, தொம்மென்று விழுந்தது. மழைக்காலத்தில் விளாத்திகுளம் ரோட்டில் பஸ்ஸில் போவதுபோல இருந்தது. மதுரைக்காரர்கள் இதுதான் எழும்பல் போலிருக்கிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். மூட்டுவலிக்காரர்கள் அய்யோ அம்மா என்று நாற்காலிகளைப் பிடித்தார்கள். பாட்டு முடிந்ததும் உப்பளக்காரர் மேடைக்கு வந்து, தன் மூத்த மகள் ஏழு மாதம், அவளை வைத்துக்கொண்டு இப்படிக் குலுக்கலாமா என்று குரலை உயர்த்தாமல் கேட்டார்.

விரலை எடுத்தால்தானே விழுவார்கள் என்று மாஸ்டர் யோசித்தார். இரண்டாவது பாட்டுக்கு ஒரே சுரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலதுகையால் மற்றதை வாசித்தார். சபை எழும்பி, விழாமல் நின்றது. எல்லோர் முகமும் தெளிந்தது. கோமதிநாயகம் கண்ணை மூடிக்கொண்டார். ஆனால் கம்பியின் சத்தம் தேய்ந்து தேய்ந்து ஓய்வதுபோல இந்தச் சத்தம் தேயவில்லை. தேயாத சத்தத்தில் சபை மேலும் மேலும் எழும்பியது. முதல் சரணத்தில் ஒரு சாண், இரண்டாவது சரணத்தில் முழங்கால் உயரம், பாட்டு முடிந்தபோது இடுப்பு உயரம். பாட்டு முடிந்தும் மாஸ்டர் சுண்டுவிரலை எடுக்கவில்லை. எடுத்தால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. மணமக்கள் மாலையுடன் மேலே நின்றார்கள். உப்பளக்காரரின் மூத்த மகள் இரண்டு கையாலும் வயிற்றைத் தாங்கிக்கொண்டு கீழே தரையைப் பார்த்தாள். மண்டபத்து எலக்ட்ரீசியன் மிதந்தபடியே, வயரைப் பிடுங்கிரட்டுமா என்று கேட்டபோது எல்லோரும் சேர்ந்து அவரை அடக்கினார்கள்.

சபையில் தரையில் நின்றவர் மாஸ்டர் ஒருவர்தான். அதை முதலில் கவனித்தது பெண்ணின் பெரியப்பா. "மாஸ்டருக்கு என்ன வருத்தம்?" என்று அவர் பக்கத்தில் கேட்டார். கேள்வி வரிசை வரிசையாக மேடை வரைக்கும் போனது. மாஸ்டர் குனிந்து தன் கால்களைப் பார்த்தார். தரையில் அழுத்தமாகப் பதிந்திருந்தன. அவர் அவற்றை வெகுநேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, அத்தனை தலைகளுக்கு நடுவே எல்லோரையும்போல இடுப்பு உயரத்தில் நின்றுகொண்டிருந்த பெர்க்மான்ஸைப் பார்த்தார். நெற்றி வேர்வை மூக்கின் நுனிக்கு வந்தது. துடைக்க ஒரு கை ஓய்வாக இருந்தும் அவர் துடைக்கவில்லை.

"பெர்க்மான்ஸ்" என்றார், மைக்கில். "எறக்கி விடும்வே."

பெர்க்மான்ஸால் நடக்க முடியவில்லை. பெரியப்பா அவர் முதுகில் கைவைத்து லேசாகத் தள்ளினார். அவர் வழுக்கிக்கொண்டு முன்வரிசைக்கு வர, அங்கே ஒரு மதுரைக்காரர் பிடித்துத் திருப்பி அடுத்தவரிடம் தள்ள, மொய் வரிசை போவதுபோலக் கைமாறிக் கைமாறி மேடைக்கு வந்து சேர்ந்தார். பீர்முகம்மது தலைகீழாகத் தொங்கி உறையிலிருந்து கிட்டாரை எடுத்துக் கொடுத்து, வயரைப் பெட்டியின் இரண்டாவது துளையில் செருகினான். பெர்க்மான்ஸ் தடித்த கம்பியைத் தட்டினார், மாஸ்டர் பிடித்திருந்த அதே சுரம். தட்டியதும் அவருடைய கால்கள் மெல்ல வந்து தரையைத் தொட்டன. தலையசைத்தார். மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு விரலை எடுத்தார். சபை ஒருமுறை, பஸ் வேகத்தடையில் ஏறி இறங்குவதுபோல இறங்கி, கம்பியின் சத்தத்தில் தங்கியது.

அது ஓய்வதற்குள் அவர் இன்னொரு முறை தட்டினார், முன்னதைவிட மெதுவாக. அதற்கடுத்தது இன்னும் மெதுவாக. சத்தம் தேயத் தேய இடதுகை விரலால் கம்பியைத் தொட்டும் தொடாமலும் அணைத்துக்கொண்டே வந்தார். இப்படி ஒரு வேலை தன் கையில் இருந்தது அவருக்கே இதுவரை தெரியாது. தூக்குவதுதான் தன் வேலை என்று நினைத்திருந்தார். பட்டுப் புடவைகளின் ஓரம் முதலில் தரையைத் தொட்டது, பிறகு விரல்நுனிகள், பிறகு குதிகால்கள். உப்பளக்காரரின் மூத்த மகள் இறங்கி, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். கடைசியில் சத்தம் எங்கே முடிந்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஒரு குழந்தை மட்டும் இன்னொரு தடவை என்று கேட்டு அழுதது.

உப்பளக்காரர் கோமதிநாயகத்துக்குப் பொன்னாடை போர்த்தினார், இறக்கியதற்காக. பெரியவங்க ஆசீர்வாதம் என்றார் கோமதிநாயகம். மதுரைக்காரர் ஒருவர் பெர்க்மான்ஸிடம் வந்து கிட்டாரை எட்டிப் பார்த்துவிட்டு, ஆறு கம்பி இருக்கணுமே என்றார். அதன் பிறகு நடந்த பாட்டுகளுக்கெல்லாம் பெர்க்மான்ஸ்தான் வாசித்தார். சபை நாலு விரற்கடை எழும்பி, நாலு விரற்கடை இறங்கியது. மாஸ்டரின் இடதுகை கீபோர்டின் கீழ்க்கட்டைகள் பக்கம் போகவே இல்லை.

கடைசிப் பந்தியில் குழுவினர் போய் உட்கார்ந்தபோது பெர்க்மான்ஸ் மேடையில் வயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தார். சுகந்தி பாயசம் தீர்ந்துவிட்டதா என்று விசாரித்தாள். பீர்முகம்மதுவும் கோமதிநாயகமும் எழும்பலின்போது யார் செருப்பு யார் காலில் போயிற்று என்று பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பரிமாறுகிறவர் ஆளில்லாத இலைகளை எடுத்துக்கொண்டே வந்தார். மாஸ்டர் ஆதிமூலம் தன் இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்தார். பிறகு பக்கத்தில் ஆளில்லாமல் கிடந்த இலையிலும் தெளித்து, ஓரம் வரைக்கும் துடைத்து, அந்த இலைக்கும் உப்பு வைக்கச் சொன்னார்.